எட்டு, ஒன்பது, பத்து

ஏழு வரைக்கும் எண்ணியிருந்தேன். எட்டு என்று நினைக்கும்போது எதிரே உட்கார்ந்திருந்தவரின் உதடு அசைவதைப் பார்த்தேன். ஏதோ சொல்கிறார் என்று தெரிந்தது. ஆனால் எட்டு, ஒன்பது, பத்து என்று மனசு அதன் பாட்டுக்கு ஓடி முடித்த பிறகுதான் நின்றது. அதற்குள் அவர் சொல்லி முடித்துவிட்டார். நான் தலையை மட்டும் நன்றாக ஆட்டினேன். மெதுவாக, இரண்டு முறை, வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

எதற்கு எண்ணினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருஷம் மின்கட்டண அலுவலகத்தின் புகார் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆள் வாயைத் திறக்கும்போதே இந்தப் பக்கம் பதில் தயாராக இருக்கும். மீட்டர் நம்பர் சொல்லுங்க, ரெண்டாம் மாடிக்குப் போங்க, அடுத்த ஆள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மனநல ஆலோசகர் பயிற்சியில் சேர்ந்தபோது என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீ அடுத்தவங்க பேசறதைக் கேக்கப் போறியா? சரிதான் போ! முதல்ல நான் பேசறதைக் கேட்டுப் பழகு." எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. படித்து முடித்துக் காட்டாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

எங்களுக்குப் பயிற்சி கொடுப்பவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் மௌனம் மேடம். எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்தினால் நாம் உடனே வாயைத் திறக்கக் கூடாது, மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும் என்பது அவருடைய சட்டம். "முக்கியமானது அந்தப் பத்துக்குள்ளதான் வரும்" என்பார். ஒத்திகைகளில் நான் மூன்றைத் தாண்டியதே இல்லை. கூடப் படிக்கும் பெண் பொய்யாக மூக்கை உறிஞ்சினாலே போதும், "அட விடுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று என் வாய் முந்திக்கொள்ளும். போன வாரம் மேடம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இனிமே ஒத்திகை இல்ல. நிஜமா ஒருத்தர் வரப்போறார். அங்கேயும் குறுக்க பேசினீங்கன்னா, அடுத்த வருஷம் முதல்லேருந்து சேர்ந்துக்கோங்க."

வந்தவர் பள்ளி வேன் ஓட்டுநர். ஐம்பது வயது இருக்கும். கசங்காத சட்டை, நகம் வெட்டிய சுத்தமான விரல்கள். பள்ளியிலிருந்துதான் அனுப்பியிருந்தார்கள். ஒரு பிள்ளையையே இரண்டு முறை வீட்டில் இறக்காமல் தாண்டிப் போய்விட்டாராம். பேச்சைப் பதிவு செய்வதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே உள்ளே நடந்ததற்கு என் குறிப்புத்தாள் ஒன்றுதான் சாட்சி. அண்ணனும் அவருமாகப் பதினான்கு வருஷம் ஓட்டிய வேன் அது. அண்ணன் பக்கத்து சீட்டில் இருந்துகொண்டு பிள்ளைகளை ஏற்றி இறக்குவார். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் அந்த அண்ணன் தூக்கத்திலிருந்து எழவில்லை. அண்ணனைப் பற்றியே நிறையப் பேசிவிட்டுக் கடைசியில், "இப்ப அந்த சீட்ல பசங்க பையை வச்சுக்கிறாங்க" என்றார். அத்தோடு பேச்சு நின்றது. நான் எண்ண ஆரம்பித்தேன். உள்ளுக்குள் என்ன குஷி தெரியுமா! ஆறு, ஏழு, பரவாயில்லையே, வாயைக் கட்டிவிட்டேனே, மேடம் பார்த்தால் மூக்கின்மேல் விரலை வைப்பார் என்று என் சமர்த்தை நானே மெச்சிக்கொண்டிருந்தபோதுதான் அவர் அதைச் சொன்னார்.

என்ன சொன்னீங்க என்று அப்போதே கேட்டிருக்கலாம். முக்கால் மணி நேரம் உன்னிப்பாகக் கேட்பவளாக முன்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு, அதை எந்த முகத்தோடு கேட்பது? வெட்கமாக இருந்தது. அவர் என் தலையாட்டலைப் பார்த்தார். முகம் தெளிந்தது. "சொன்னதே போதும்மா, பெரிய பாரம் இறங்கிடுச்சு" என்று எழுந்துகொண்டார். "மூணரைக்குப் பள்ளிக்கூடம் விட்ருவாங்க." நாற்காலியைப் பழையபடி தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

குறிப்புத்தாளின் கடைசியில் ஒரு கட்டம் உண்டு. இன்று அவர் சொன்னதில் மிக முக்கியமானது எது? அண்ணனின் மரணம் என்று எழுதினேன். மேடம் அதற்குக் குறை சொல்ல மாட்டார், தேர்ச்சிகூடப் போட்டுவிடுவார். எழுதியதைத் திரும்பப் படித்தேன். அண்ணன் செத்ததை அவர் முதல் பத்து நிமிஷத்திலேயே சொல்லிவிட்டாரே. அப்புறம் எதைச் சொன்னதற்கு அந்த மனுஷனுக்குப் பாரம் இறங்கியது? எதற்கு நான் தலையாட்டித் தொலைத்தேன்? பாழாய்ப்போன எண்ணிக்கை என்று என்னையே திட்டிக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். "மேடம், அவர் சொன்ன ஒண்ணை நான் கேக்கவே இல்ல. கேட்ட மாதிரி தலையாட்டிட்டேன்."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அதை என்கிட்ட வந்து ஏன் சொல்லிட்டு நிக்கிறீங்க? ஓடுங்க."

படிக்கட்டில் இறங்கி ஓடினேன். வேன் எதிர்ப்பக்கம் நின்றது, எஞ்சின் ஓடத் தொடங்கியிருந்தது. கண்ணாடியை உள்ளங்கையால் படபடவென்று தட்டினேன். அவர் இறக்கினார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்." யாரையும் உறவுமுறை சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதும் எங்கள் சட்டம்தான். வந்துவிட்டது, என்ன செய்ய? "கடைசியா ஒண்ணு சொன்னீங்கல்ல, அது என் காதுல விழல. விழுந்த மாதிரி காட்டிக்கிட்டேன். தப்பு என்மேலதான். இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. ஏமாந்துபோன முகமாக என்னையே பார்த்தார். "கேக்கலையா? அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு மூணு மாசம் ஆச்சும்மா."

நான் ஜன்னலோடு ஒட்டிக் குனிந்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மேம்பாலத்துலேருந்து இறங்குறப்ப பிரேக்ல கால் வைக்கவே மனசு வரமாட்டேங்குது. அப்படியே விட்ருவோமான்னு தோணுது. நேத்தும் தோணுச்சு. பின்னாடி பசங்க பாடிக்கிட்டு வந்தாங்க."

நான் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க தலையாட்டினீங்களே" என்றார். "சரி, எல்லாருக்கும் வர்றதுதான் போலிருக்கு, பயப்பட ஒண்ணும் இல்லன்னு நினைச்சுக்கிட்டேன்."

வண்டிக் கடிகாரத்தில் மூன்று பதினெட்டு. ஜன்னல் வழியாகக் கையை உள்ளே நீட்டினேன். "சாவியைக் குடுங்கண்ணே."

"பசங்க வாசல்ல வந்து நிப்பாங்கம்மா. வெயில் வேற."

"வேற வண்டி அனுப்பச் சொல்லலாம். குடுங்க."

அவர் கை சாவியின்மேல் போனது. திருப்பவில்லை, எடுக்கவும் இல்லை. எஞ்சினின் அதிர்வு கதவு வழியாக என் முழங்கைக்கு ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு கார் ஒலி எழுப்பியது. அவருடைய மடிக்கு மேலே விரித்த உள்ளங்கையை எடுக்காமல் நான் அப்படியே நின்றேன்.