செல்லத்தம்பியின் தயிர்ச் சட்டி

செல்லத்தம்பி செத்த எட்டாம் நாள், அவர் மகள் கனகமணி விடிந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிண்ணியாவுக்குப் புறப்பட்டாள். சண்டைக் காலம். எந்த நேரம் எந்த வழி அடைபடும் என்று கடவுளுக்கே அறிவித்தல் போவதில்லை.

“செத்த வீட்டுப் பொம்பிளை கடல் கடக்கிறதோ?” என்றாள் மாமி அன்னப்பிள்ளை.

“கடந்துதான் ஆகோணும் மாமி. எட்டுச்செலவுப் படையலுக்கு அப்பா ஆசைப்பட்டதெல்லாம் இலையில இருக்கோணும். ஜெமீலா ராத்தாட தயிர் இல்லாமல் படைச்சால் எழும்பி வந்து சண்டை பிடிப்பார்.”

பிடிக்கக்கூடியவர்தான். கிண்ணியாத் துறையில் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றும் மிதவையை ஊர் ‘பாதை’ என்று சொல்லும். அந்தப் பாதையில் காலமெல்லாம் வேலை செய்தவர் செல்லத்தம்பி. அவர் போட்ட சத்தத்தில் சுறாக்கள் கொட்டியாரக் குடாவை விட்டு இந்தோனேசியாவுக்குக் குடிபெயர்ந்தன. சாப்பாட்டைப் புகழத் தொடங்கினால் இன்னும் மோசம். நண்டுக்கறி தந்தவளிடம் “இதுக்காகத்தான் பிறந்தனான்” என்பார். பிட்டுத் தந்தவளிடமும் அதையே சொல்வார். அதனால் அன்று காலை, “அவருக்கு என்ர கறியெண்டால் உயிர்” என்று பாதித் திருகோணமலை சட்டியும் கையுமாக வாசலில் நின்றது.

கிண்ணியாத் தயிர் மட்டும் வேறு விதம். வீட்டுக்கு வந்து அதன் புகழைப் பாடுவார். கையில் வெறும் சட்டிதான் இருக்கும். “வழியிலேயே முடிஞ்சுது பிள்ளை!” அந்தச் சட்டிகளில் நட்ட கொச்சிக்காய்க் கன்றுகள் முற்றத்தைக் காடாக்கியிருந்தன. யானை புகுந்தால் வழி தெரியாமல் நின்று அழும்.

கிண்ணியாவில் தயிர்க்காரி ஜெமீலா எருமைத் தயிரை வாழையிலையால் மூடிக் கட்டித் தந்தாள்.

“இலையில வைக்கவா? அவருக்கா?” சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். “புள்ள, ஒங்கட அப்பாக்குத் தயிர் மணமே ஆகாது. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தூக்கிப் போவார்.”

“அப்ப ஆர் திண்டது?”

“துறைக்குப் போய்ப் பாரு.”

துறையில் கடைசிப் பாதை ஆமி ட்ரக் ஒன்றை ஏற்றிக்கொண்டு புறப்பட நின்றது. சனம் ஏறக்கூடாதாம். ஸல்ஹா என்ற இளந்தாய், காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அக்கரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். காவலில் நின்ற சிப்பாய் அசையவில்லை. சட்டியைக் கண்டதும் மட்டும் அவன் முகம் மலர்ந்தது.

“செல்லத்தம்பி ஐயாட சட்டி! ஐயா எங்க?”

“செத்துப் போனார். நான் மகள்.”

அவன் தொப்பியைக் கழற்றினான். “பாவம். சாவு வீடு. நீ மட்டும் ஏறு. தயிரும் கொண்டு போ.”

கனகமணி ஒரு காலைப் பாதையில் வைத்தாள். வீட்டில் இலை காத்திருந்தது. பின்னால் ஸல்ஹாவின் பிள்ளை முனகியது. வைத்த காலை அவள் திருப்பி எடுத்தாள்.

“அப்பா இந்தச் சட்டியோட வந்தால் ஆரை ஏத்துவீங்கள்?”

சிப்பாய் தலையைச் சொறிந்தான். “ஐயா வந்தா… எல்லாரையும்.”

“அப்ப எல்லாரையும் ஏத்துங்கோ. இல்லாட்டி நானும் ஏறமாட்டன், தயிரும் ஏறாது.” சட்டியை மண்மூட்டையின் மேல் வைத்து, பக்கத்திலேயே சப்பாணி கட்டி இருந்துவிட்டாள். ட்ரக் ஹோர்ன் அடித்தது. அவள் அசையவில்லை, மலையை இழுத்திருந்தால் அது வந்திருக்கும்.

சிப்பாய் ட்ரக்கைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், தயிரைப் பார்த்தான். அந்தத் தயிரைக் கண்டால் ஒரு பட்டாளமே துவக்கைக் கீழே வைக்கும். பாவம், அவன் ஒற்றை ஆள். தயிரைத் தன் தகரக் கோப்பையில் கவிழ்த்துக்கொண்டு, பழகிய கையால் வெறும் சட்டியைத் திருப்பிக் கொடுத்தான்.

“ஏறுங்க! கெதியா ஏறுங்க!”

ஸல்ஹாதான் முதலில் ஏறினாள்.

பொழுது படும் நேரம் இலை போட்டார்கள். நண்டு, பிட்டு, சுருட்டு, எல்லாம் வந்து குவிந்தன.

“தயிர் எங்கயடி?” என்றாள் மாமி.

“வழியிலேயே முடிஞ்சுது மாமி” என்ற கனகமணி, நண்டையும் பிட்டையும் ஓரமாகத் தள்ளி, வெறும் சட்டியை இலையின் நடுவில் வைத்தாள்.