சந்தியைத் தாண்டி

வாசலில் ஐஸ் பெட்டிக்குள் கணவர் கிடக்க, உண்ணாமலை அடுப்படியில் மகன் எதிரே உட்கார்ந்து, அவன் நான்காவது இட்லியை விழுங்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்புப் பற்றவைக்கக் கூடாத நாள். பக்கத்து வீட்டு ஜெயசித்ரா தூக்குச்சட்டியில் கொண்டுவந்து கொடுத்த இட்லி. வெறும் வயிற்றில் மாத்திரை கொடுக்க முடியாது.

"புருசன் பொணம் வாசல்ல கெடக்கு, இவ என்னடான்னா புள்ளைக்குச் சோறு போட்டுக்கிட்டு இருக்கா" என்று பந்தலில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. விழட்டும்.

அறிவரசனுக்கு முப்பத்து நான்கு வயது. டிப்ளமோ முடித்துக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனவன், அறைக் கதவைத் திறக்காமல் ஆறு நாள் சாப்பிடாமல் கிடந்தான் என்று அப்பா செல்லதுரை போய் அழைத்துவந்து பன்னிரண்டு வருடமாகிறது. காதுக்குள் ஆட்கள் பேசுகிறார்கள் என்றான். மந்திரித்ததிலும் தாயத்துக் கட்டியதிலும் இரண்டு வருடம் போயிற்று. அதன்பிறகுதான் அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மாத்திரை கொடுப்பது உண்ணாமலை. தண்ணீர் ஊற்றிக் குளிக்க வைப்பதும் சவரம் செய்வதும் செல்லதுரை என்று வீட்டில் வேலை பிரிந்தது. சிமெண்ட் மூட்டை சுமந்து காய்த்துப்போன அந்தக் கைகளைத் தவிர வேறு எந்தக் கையையும் அவன் தன் தலையில் படவிட்டதில்லை. நேற்றுச் சாயங்காலம் ரெட்டிபாளையம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த செல்லதுரை அப்படியே சாய்ந்துவிட்டார்.

கொழுந்தன் மணிவேல் உள்ளே வந்து குரலைத் தணித்தான்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அவனுக்கு மாத்திரைய ரெண்டாக் குடுத்துத் தூங்க வச்சிருங்க. கொள்ளிய நான் வச்சிக்கிறேன். சுடுகாட்டுல போயி ஏதாச்சும் பண்ணிட்டான்னா?"

"என்ன பண்ணுவான்?"

மணிவேல் மகள் காதுகுத்தில் அறிவரசன் பந்தியிலிருந்து எழுந்து கத்தியதை இருவருமே நினைத்துக்கொண்டார்கள்.

"அன்னைக்கி அது மேளச் சத்தத்துனால தம்பி. அவனுக்கு உள்ளயே சத்தம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு. இன்னைக்கிக் கொட்டு வேணாம்னு சொல்லிருங்க."

"கொட்டு இல்லாமப் பொணம் எடுக்கறதா? ஊரு என்ன பேசும்?"

"பேசிட்டுப் போவட்டும். அவரு புள்ள செய்வான்."

அதற்குள் அறிவரசன் வாசலுக்குப் போயிருந்தான். ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு திரும்பினான்.

"அம்மா, அப்பா பேசறாரு."

மணிவேல் அண்ணியைப் பார்த்தான். முன்பெல்லாம் உண்ணாமலை "அப்பிடில்லாம் ஒண்ணும் இல்லடா" என்று மல்லுக்கு நிற்பாள். இரண்டு பேரும் அழுவதில் முடியும். இப்போது மகன் அருகில் போய் நின்றாள்.

"ஒனக்குக் கேக்குதா? என்ன சொல்றாரு?"

"குளிக்கச் சொல்றாரு."

"நீ என்ன பண்ணப் போற?"

அவன் கொடியிலிருந்து துண்டை உருவிக்கொண்டு குழாயடிக்குப் போனான். சொம்பு சொம்பாகத் தன் தலையில் தானே ஊற்றிக்கொண்டான். தண்ணீர் விழும் சத்தம் நிற்கும்வரை உண்ணாமலை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். கொட்டு இல்லாததால் நடக்கிறவர்களின் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. தீச்சட்டியோடு அறிவரசன் முன்னால் போனான். தெருமுனைச் சந்தியில் பெண்கள் நின்றுகொண்டார்கள். உண்ணாமலை நிற்கவில்லை.

"அண்ணி, பொம்பளைங்க இதுக்கு மேல வரக் கூடாதுங்க."

"தெரியும் தம்பி. நீங்க நடங்க."

பெரியவர் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நடையைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

சுடுகாட்டில் தலைமழிக்க நாவிதர் கொளஞ்சி கத்தியை எடுத்ததும் அறிவரசன் எழுந்து பின்வாங்கினான். மூச்சு வாங்கியது. கண்கள் அலைந்தன. பிடித்துக்கொள்ள நான்கு பேர் முன்னால் வந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க" என்றாள் உண்ணாமலை. மண்ணில் உட்கார்ந்து எதிரே இடத்தைத் தட்டினாள். "உக்காருடா. அப்பா எப்புடிப் பண்ணுவாரு, சொல்லு."

"மொதல்ல கத்தியக் காட்டுவாரு."

"அண்ணே, காட்டுங்க."

கொளஞ்சி கத்தியை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார்.

"அப்பறம்?"

"எண்ணுவாரு. முடியிற வரைக்கும் எண்ணிக்கிட்டே இருப்பாரு."

முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவள். கொல்லையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சவரத்தின்போது நடந்த இந்த எண்ணிக்கை அவளுக்குத் தெரியாது. செல்லதுரை ஒருநாளும் சொன்னதில்லை. மகனின் தாடைக்குக் கீழே கையைக் கொடுத்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

ஈர முடி அவள் மணிக்கட்டில் விழுந்துகொண்டிருந்தது. நூறைத் தாண்டியதும் அவனும் சேர்ந்து எண்ணினான். இருநூற்று நாற்பதில் கொளஞ்சி கத்தியை மடக்கினார்.

குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்றும் சுற்றினான். குடத்தை உடைத்தான். திரும்பி நின்று, சொன்னபடியே கொள்ளி வைத்தான். தாங்கிப் பிடிக்க என்று கூடவே நகர்ந்துகொண்டிருந்த மணிவேலின் கைகளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அவன் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அண்ணன் மகனின் மொட்டைத் தலையைப் போர்த்திவிட்டான். அறிவரசன் தட்டிவிடவில்லை.

"திரும்பிப் பாக்காமப் போங்க" என்றார்கள்.

மற்றவர்கள் ஓடைக்குக் குளிக்கப் போக, தாயும் மகனும் வீட்டுக்கு நடந்தார்கள். மெயின் ரோட்டில் சிமெண்ட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. உண்ணாமலை எதையும் கவனிக்காமல் தாரில் கால் வைத்தாள். அவள் மார்புக்கு முன்னால் குறுக்கே ஒரு கை நீண்டது.

"இரும்மா" என்றான்.

கடைசி லாரி கடக்கும்வரை அவன் கையை இறக்கவில்லை.