அதே அளவு முழங்கால்

1

மேசையைச் சுற்றி மூன்று பேர். சன்னலோரம் லைலா கொஸ்கி, அமெரிக்காவின் டுலூத் நகரத்து மேட்டுத் தெருக்களுக்குப் பத்தொன்பது ஆண்டுகளாகத் தபால் கொடுப்பவள். எதிரே அவள் கணவன் ராய். அடுப்புப் பக்கம் நான். ஒரு கடிதத்துக்கு உதவத்தான் கூப்பிட்டார்கள். நான் அதைக் கதையாக்கிக்கொண்டேன். ஒப்புக்கொள்கிறேன்.

2

முதல் தொடக்கம்: மூட்டில் எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, சிதைந்தால் தானாக வளர்ந்து...

(விட்டுவிட்டேன். மருத்துவமனைத் துண்டுப்பிரசுரம்போல் இருக்கிறது.)

இரண்டாவது: லைலாவின் வலது முழங்காலில் கால் டாலர் காசு அகலத்துக்குப் பள்ளம். உலோக மூட்டு வைக்க நாற்பத்தொரு வயது குறைவு என்றார் மருத்துவர். இறந்த ஒருவரின் குருத்தெலும்பை அடியெலும்போடு வட்டமாக எடுத்து அங்கே பதிக்கலாம். அளவு பொருந்த வேண்டும். ஐந்து மாதம் காத்திருந்தாள், பொருந்தியது கிடைத்தது, பதித்தார்கள். யாருடையது என்று சொல்லமாட்டார்கள். பெயர் போடாமல் அந்தக் குடும்பத்துக்கு எழுதலாம், அவ்வளவுதான்.

நன்றி என்று இரண்டு வரி எழுதிப் போடச் சொல்லி ராய் ஓராண்டாக நச்சரித்தான்.

"நொண்டிக்கிட்டே நன்றி சொன்னா, கொடுத்தது வீணாப் போச்சேன்னு நினைக்கமாட்டாங்களா? என் தபால் சுத்த முழுசா நடந்துட்டு எழுதுறேன்" என்றாள்.

நேற்று நடந்துவிட்டாள். தோளில் பையோடு.

3

தேதி, விளிப்பு எல்லாம் முறையாக எழுதிவிட்டு, 'உங்கள் மகன்' என்று தொடங்கினேன். [இறந்துபோன அந்தப் பாத்திரத்தை நான் ஓட்டக்காரனாகக் கற்பனை செய்திருந்தேன்.] லைலா அதைக் கோடிட்டு அடித்தாள்.

"மகளா இருந்தா? தெரியாதத எழுதாத."

"அப்ப உனக்கு என்னதான் தெரியும்?" என்றான் ராய்.

"அளவு தெரியும்."

பேனாவை வாங்கி அவளே எழுதினாள்: 'உங்கள் வீட்டவரும் என்னைப்போல் நெடுநெடுவென்று வளர்ந்தவராக இருந்திருப்பார். கடையில் வாங்கிய எந்தப் பேண்ட்டும் கணுக்காலுக்கு எட்டியிருக்காது. அந்த முழங்கால் நேற்று அறுநூற்று நாற்பது படி ஏறியது. ஒரு கடிதம்கூடத் தாமதமாகவில்லை.'

ராய் இருமுறை படித்தான். "நன்றி எங்கடி?"

"அதுதான் அது."

4

பதில் வருவதாக ஒரு முடிவு எழுதினேன். வராததாக இன்னொன்று. இரண்டையும் கிழித்தேன். வாசகரே, ஒருவேளை அந்த உறை உங்கள் வீட்டுக்கே வரலாம். மிச்சத்தை எழுத வேண்டியது நீங்கள்.

குருத்தெலும்பைக் கொடுத்த திசு வங்கி படித்துப் பார்த்துத்தான் அந்தக் குடும்பத்துக்கு அனுப்புமாம், கடிதம் வைத்த உள்ளுறையை ஒட்டக்கூடாதாம். வேலையில் ஒட்டாத கடிதத்தை இதுவரை கையால் தொட்டதில்லை என்று லைலா முணுமுணுத்தாள். வெளியுறையை மட்டும் ஒட்டி, கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தித் தேய்த்தாள். ராய் கார் சாவியை எடுத்தான். வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு, தெருமுனைப் பெட்டிவரை நடந்துபோய்ப் போட்டாள்.