ஏழாவது பத்தி

தம்பியின் வக்கீல் எழுந்து, என் பதிலுரையின் ஏழாவது பத்தியை நீக்க வேண்டும் என்று கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டை விற்றுப் பாகம் பிரிக்கச் சொல்லி வழக்குப் போட்டவன் அவன். பதில் சொல்லவும் எனக்கு உரிமை இல்லையா? பதிலுரை எழுதிய அன்றைக்கே என் வக்கீலம்மா தலைபாடாக அடித்துக்கொண்டார். "வழக்குக்குத் தேவையில்லாததை எழுதினா ஜட்ஜ் கோடு போட்டு அடிச்சிடுவாருங்க. ஏழாவதை விட்டுடலாமே." முடியவே முடியாது என்றேன். முதல் ஆறும் நீதிமன்றத்துக்கு. அது ஒன்றுதான் அவனுக்கு. அம்மா போன பிறகு, விற்கலாமா கூடாதா என்று ஆரம்பித்த சண்டை. அதிலிருந்து போனை எடுக்கமாட்டான், வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான். வழக்குக் காகிதத்தையாவது படித்துத்தானே ஆக வேண்டும்?

எங்கே படித்தான். எல்லாவற்றையும் வக்கீல் தலையில் கட்டியிருந்தான் என்பது, பின்வரிசையில் கைபேசியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த தோரணையிலேயே தெரிந்தது. இளைத்திருந்தான். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்காமல் நின்றது, பள்ளிக்கூடம் போன காலத்தைப் போலவே. எழுந்து போய்ச் சரிசெய்துவிடலாமா என்று கை பரபரத்தது.

"அப்படி என்னதான் எழுதியிருக்காங்க? படிங்க," என்றார் நீதிபதி.

அவனுடைய வக்கீலே வேண்டாவெறுப்பாகப் படித்தார். "வாதியிடம் இவ்வீட்டின் சாவி ஒன்று உள்ளது. அவர் எந்நேரம் வந்தாலும் திறந்துகொண்டு வரட்டும் என்று, பிரதிவாதி மூன்று வருடமாகக் கதவின் மேல்தாழ்ப்பாளைப் போடாமலே தூங்குகிறார்."

யாரோ சிரித்தார்கள். தம்பி கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினான். என்னைப் பார்க்கவில்லை.

"இதுக்கும் பாகத்துக்கும் என்ன சம்பந்தம்?" நீதிபதி பேனாவை எடுத்தார். "ஏழாவது பத்தி நீக்கப்படுகிறது. மத்தது இருக்கட்டும்."

போனால் போகட்டும். காதில் விழுந்துவிட்டதல்லவா.

தாழ்வாரத்தில் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். பின்னால் வந்தவன் என்னைத் தாண்டிப் போய் நின்றான். திரும்பவில்லை.

"மேல்தாழ்ப்பாளைப் போட்டுட்டுத் தூங்குக்கா. தனியா இருக்கே."

அவ்வளவுதான், படியிறங்கிப் போய்விட்டான். அக்கா என்று கூப்பிட்டதற்கு அழுவதா, வரமாட்டேன் என்று சொன்னதற்கு அழுவதா என்றே எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, ஸ்டூலில் ஏறித் தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தேன். துருப்பிடித்து இறுகியிருந்தது, அசையவில்லை. தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும். குப்பி ஜன்னலோரத்தில், கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஸ்டூலிலிருந்து இறங்கினேன். குப்பியை எடுத்து மிஷினின் இழுப்பறைக்குள் வைத்து மூடினேன்.