வெளிவிளிம்பின் வேகம்

அப்பா சென்னியப்பன் பக்கவாதத்தில் விழுந்தபோது, வசந்தாமணி பெங்களூர் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டுச் சேந்தமங்கலத்துக்குத் திரும்பினாள். நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தாள். சில வருஷங்கள் போய் 1985 வந்தும் அந்த ஆராய்ச்சிக் கேள்வி மட்டும் அவளை விடவில்லை.

ஒரு விண்மீன் திரளின் விளிம்பிலுள்ள வாயு, கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களின் ஈர்ப்பை மட்டும் கணக்கிட்டால், மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். ஆனால் வேகம் குறைவதேயில்லை. தெரியாத ஏதோ பொருள் அங்கே நிறைந்து இழுக்கிறது என்றார்கள் பலர். அங்கே ஈர்ப்பு விதியே வேறு என்றார்கள் சிலர். வசந்தாமணி முதல் கட்சி. பெங்களூரில் அவளோடு ஒரே அறையில் இருந்து ஆராய்ச்சி செய்த எடப்பாடி சௌந்திரமும் அதே கட்சி.

மங்கலான சின்னத் திரள் ஒன்றுக்கு இரண்டு கருத்துகளும் வெவ்வேறு வேகம் சொல்லின. இரண்டுக்கும் வரைபடத் தாளில் கோடு போட்டு வைத்திருந்தாள். வேறொரு குழு ரேடியோ தொலைநோக்கியில் அளந்த வேகங்கள் கடைசியில் அச்சில் வந்தன. ஞாயிறு மதியம் உட்கார்ந்து புள்ளிகளை வைத்தாள். அவை அவளுடைய கோட்டை விட்டு விலகி, மற்றக் கோட்டின் மேலேயே விழுந்தன. மறுபடி கணக்கிட்டாள். அதேதான்.

மறுநாள் தபாலாபீசில் சௌந்திரத்துக்கு ட்ரங்க் கால் போட்டுக் காத்திருந்தாள். அவள் சும்மா விடமாட்டாள், திரளின் தூரத்தைத் தப்பாக எடுத்துவிட்டாய், அதனால்தான் புள்ளிகள் விலகுகின்றன என்று சண்டைக்கு வருவாள். அதற்குப் பதிலைக்கூட வசந்தாமணி யோசித்து வைத்திருந்தாள்.

“சௌந்திரம், நாம சொன்னது ஒத்து வரலை. புள்ளியெல்லாம் அந்தப் பக்கம் போயிருச்சு.”

“அப்படியா? வசந்தா, நானே சொல்லோணும்னு இருந்தேன். பேங்குல வேலை கெடச்சிருச்சு. அடுத்த வாரம் சேந்துக்கறேன்.”

“தூரம் தப்பா இருந்தா?” வசந்தாமணியே கேட்டாள்.

“இருக்கலாம். நீ பாத்துக்க.”

வீட்டில் அப்பா குழறலாகக் கேட்டார்: “ஆருகிட்டப் பேசப் போனே சாமி?”

“சௌந்திரத்துகிட்டங்கப்பா. நான் நெனச்சது தப்பு மாதிரி இருக்குது.”

“அவ என்ன சொன்னா?”

“ஒண்ணுஞ் சொல்லலீங்க.”

அவர் அவள் முகத்தையே பார்த்தார். “சாப்புட்டயா?”

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சமையலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டாள்.

தூரத்தைப் பற்றிய சந்தேகத்தையும் சேர்த்து, தன் கட்சிக்கு எதிரான முடிவை எழுதி ஓர் ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பினாள். ஒரே திரளை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அது நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. கோடை விடுமுறையில் இன்னொரு மங்கலான திரளுக்குக் கோடு போட ஆரம்பித்தாள். முடிவை யாரிடம் சொல்வது என்று இந்த முறை அவள் யோசிக்கவில்லை.