ஆணி அடிக்காத கல்யாணம்

தர்ஷினி, ரூபன் திருமண ஓலையை மூன்றாவது ஞாயிறாகப் போதகர் வாசித்தார். "இவர்கள் சேருவதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம்."

வழக்கமாக அந்த நேரத்தில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். அன்று கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"ஆட்சேபணை இருக்கு சார்."

தர்ஷினியின் அம்மா அன்னம்மாள் பார்த்த பார்வையில் ரூபன் வெளிறிப்போனான்.

"கல்யாணத்துக்கு இல்ல. ஆணிக்கு," என்றார் அவர். பழைய கட்டடங்களைக் கவனிக்கும் அலுவலகத்தைச் சேர்ந்த கோவிந்தப்பா. கல்யாணப் பூ அலங்காரக்காரர் அளவு பார்க்கத் தேக்குத் தூணில் அடித்திருந்த ஆணியைச் சுட்டிக்காட்டினார். பெங்களூரு வைட்ஃபீல்டின் கண்ணாடி அலுவலகங்களுக்கு நடுவே ஓட்டுக்கூரையோடு நிற்கும் அந்தச் சின்னத் தேவாலயம் போன மாதம்தான் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருந்தது.

ஆராதனை முடிந்ததும் எல்லோரும் வாசலில் கூடினார்கள்.

"பூ தொங்காத கல்யாணமா? பேசாம கன்வென்ஷன் ஹாலுக்கு மாத்திடலாம்," என்றாள் ரூபனின் அம்மா கோமளம்.

தர்ஷினி தேவாலயத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவள் ஞானஸ்நானம் பெற்ற இடம். ஓட்டு இடுக்கில் இறங்கும் வெயில் எந்தப் பெஞ்சில் வந்து உட்காரும் என்றுகூட அவளுக்குத் தெரியும். வேறெங்கும் மணமகளாக நிற்பதை அவள் கற்பனை செய்ததே இல்லை.

"எதுல எல்லாம் பூ கட்டக் கூடாது சார்?" என்று கோவிந்தப்பாவிடம் கேட்டாள்.

"தூணு, ஜன்னலு, செவுரு, பெஞ்சு. எதுலயும் பேடம்மா, வேணாம்."

"மனுஷங்க கையில?"

கோவிந்தப்பா யோசித்தார். "மனுஷங்க நம்ம லிஸ்ட்ல இல்ல."

திருமணத்தன்று நடைபாதையின் இருபுறமும் விருந்தினர்கள் எதிரெதிரே நின்று சாமந்திச் சரங்களைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்கள். ரூபனின் ஆபீஸ் நண்பர்கள் ஒரு கையில் சரமும் மறுகையில் போனுமாக நின்றார்கள். முன்வரிசைச் சரத்தின் ஒரு முனை கோமளத்திடம், மறுமுனை அன்னம்மாளிடம்.

"கை வலிச்சா யார்கிட்டயாவது குடுங்க சம்பந்தி," என்றாள் அன்னம்மாள்.

"உங்க பக்கம்தான் தொங்குது. முதல்ல அதைத் தூக்குங்க."

பூக்களுக்குக் கீழே நடந்துவந்து, கடைசிச் சரத்தின் அடியில் காத்திருந்த ரூபனிடம் தர்ஷினி சேர்ந்தாள். போதகர் கண்களை மூடி, "ஜெபிப்போம்," என்றார்.

பழக்கதோஷம். ஒருவர் விடாமல் கைகூப்பினார்கள்.

சரங்கள் மொத்தமாக இறங்கின. தர்ஷினியின் வெள்ளை முக்காடு மஞ்சளாயிற்று. பூவுக்குள்ளிருந்து ரூபன் தும்மினான். என்ன நடந்ததென்று தெரியாத போதகர் கண் திறக்காமல் ஜெபத்தைத் தொடர, முதலில் வாய்விட்டுச் சிரித்தவள் கோமளம். அவளைப் பார்த்து அன்னம்மாள். பிறகு சபை முழுவதும். ஆமென் சொல்ல யாருக்கும் மூச்சு மிச்சமில்லை.