குறைத்துச் சொன்ன ஆறு வயது

அபிராமத்து டீக்கடையில் முதியோர் மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் பற்றிப் பேச பாண்டித்துரையை விட்டால் ஆளில்லை. எழுபது நிறைந்தவர்களுக்கு வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை அரசாங்கமே மருத்துவச் செலவைப் பார்த்துக்கொள்ளும், நிலபுலம் இருந்தாலும் கிடைக்கும், வருமானம் கேட்க மாட்டார்கள், ஆதாரில் இருக்கும் வயதுதான் கணக்கு என்று போன மாதம் முழுக்க ஊருக்கு உபதேசம் செய்தார். அந்தக் கடைசிச் சங்கதி தன் தலையிலேயே விடியும் என்று அப்போது அந்த மகா அறிவாளிக்கு உறைக்கவில்லை.

அவர் மனைவி வெள்ளையம்மாளுக்கு இதய வால்வு சுருங்கிவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரண்டு மாதத்துக்குள் மாற்றியே ஆகவேண்டும் என்றார் மதுரை டாக்டர். அட்டை இருந்தால் செலவைப் பற்றிக் கவலையில்லை, இல்லாவிட்டால் மிளகாய்க் காட்டை விற்க வேண்டும். விற்கும்வரை அவள் தாங்குவாளா என்பது வேறு விஷயம். அவளுக்கு எழுபத்தொன்று. ஆதாரில் அறுபத்தைந்து.

அந்த ஆறு வயதைத் தின்றது சாட்சாத் பாண்டித்துரைதான். வெள்ளையம்மாள் அவருடைய தாய்மாமன் மகள், அவரைவிட இரண்டு வயது மூத்தவள். முறை விட்டுப்போகக் கூடாதென்று பெரியவர்கள் கட்டிவைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள்வரை அவரை ‘ஏலே பாண்டி’ என்றுதான் கூப்பிட்டாள். மறுநாளிலிருந்து ‘என்னங்க’. பெண்டாட்டி மூத்தவள் என்று வெளியே தெரிந்தால் மீசைக்கு இழுக்கு என்பது அவர் எண்ணம். ஆதார் முகாமில் அவள் வாய் திறக்கும் முன்பே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் பிறந்தவள் என்று முந்திக்கொண்டு சொன்னார். மீசைக்கு மை அடித்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆதாரைத் திருத்த, பிறந்த தேதிக்குச் சான்றாக அவளுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இருந்தது. அதிலும் ஒரு வில்லங்கம். அவள் பாஸ், அவர் பெயில். அதனால் அதைப் பரணில் பழைய அண்டாவுக்குள் ஒளித்துவைத்தவரும் அவர்தான். இப்போது அவரே ஏறி, ஒட்டடையோடு எடுத்துவந்தார்.

பரமக்குடி இ-சேவை மையத்தில் இருந்த பெண் நஸீஹா, பிறந்த தேதி எப்படித் தவறிப்போனது என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். வரிசையில் அவருக்குப் பின்னால் டீக்கடைச் சேக்காளி முத்துராமலிங்கம் நின்றார். முகாமில் எழுதியவன்மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. திரும்பிப் பார்த்தார். வெள்ளையம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தாள். அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“நாந்தாம்மா குறைச்சுச் சொன்னேன். அவ எனக்கு மூத்தவ. அதுக்கு வெக்கப்பட்டுத்தேன்.”

“கல்யாணத்துக்கு வந்து சாப்புட்டவகதானப்பா நாங்க, ஊருக்கே தெரியுமே” என்றார் முத்துராமலிங்கம்.

நாற்பத்தெட்டு வருடமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த பெருமை அந்த நிமிடத்தோடு போயிற்று.

இரண்டு வாரத்தில் ஆதார் திருந்தி வந்தது. அன்றைக்கே நஸீஹா அட்டையை எடுத்துக் கொடுத்தாள். வந்ததுதான் வந்தோம் என்று பாண்டித்துரை தன் ஆதாரையும் நீட்டினார். அவருக்கு எழுபது நிறைய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஊருக்கே விதி சொன்ன ஆள், தன் வயதைக் கூட்டிப் பார்க்கவில்லை.

வெள்ளையம்மாள் அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

“ஏலே பாண்டி, எட்டு மாசங் கழிச்சு நானே ஒன்னையக் கூட்டியாரேன். இப்ப எந்திரி, போவோம்.”

அத்தனை பேர் முன்னால் அவள் அப்படிக் கூப்பிட்டது அவருக்கு உறைக்கவே இல்லை. எட்டு மாதம் கழித்து அவள் இருப்பேன் என்கிறாள், அதுதான் காதில் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொன்ன பேச்சைக் கேட்டு எழுந்தார்.